எங்க வீட்டு வௌக்கமாறு

2005ஆம் வருஷம், மழைக்காலம். நான் ப்ளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். விடிந்தும் விடியாத நேரத்தில் எங்கள் காலனிக்குள் ஒரு வேன் வந்து நின்றது. வேன் வந்தால் பிள்ளைகள் ஓடிப்போய்ச் சுற்றி நிற்பது வழக்கம். நானும் நின்றேன். பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், எங்கள் வாசலுக்கு வந்து ஆயாவிடம் கேட்டான்.

"ஆயா, வௌக்கமாறு எங்க வெச்சிருக்க?"

"என்னாத்துக்குடா?"

"குஷ்புவ அடிக்க."

வேனில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிள்ளைகள் சிரித்தன. நானும் சிரித்தேன். இதை முதலில் ஒப்புக்கொண்டு விடுகிறேன். இந்தச் சிரிப்பைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

வீட்டுக்குள்ளே சித்தி பாயில் சுருண்டு படுத்திருந்தது. காய்ச்சல். அதுக்குக் கீழே விரித்திருந்த பழைய சேலையை ஆயா அன்றைக்கு ரெண்டாவது தடவையாக மாற்றியிருந்தது. என்ன நோவு என்று எனக்குச் சொல்லவில்லை. ஆனால் தெரியும். பதினாறு வயசில் சேரிப் பெண்ணுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? நாலாவதாகத் தரித்த கருவைக் கலைக்க எருக்கங்குச்சி வைத்திருந்தார்கள்.

வேன் போய்விட்டது. வௌக்கமாறும் போய்விட்டது. மறுநாள் ஆயா ஓலை ஈர்க்கு கிழித்துப் புதுசு கட்டியது. கட்டிக்கொண்டே கேட்டது: "அவ என்னாதான் சொன்னாளாம்?" காலனியில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. போய்வந்த அண்ணனுக்கும் தெரியவில்லை. "தமிழ்ப் பொண்ணுங்கள கேவலமா பேசிட்டா" என்றான். அதோடு சரி.

என்ன சொன்னார் என்பதை நான் படித்தது எம்.ஏ. சேர்ந்த பிறகு, நூலகத்தில். 'இந்தியா டுடே' 2005 செப்டம்பரில் நகரங்களில் பாலுறவுப் பழக்கங்கள் பற்றி ஒரு சர்வே வெளியிட்டது. அதையொட்டிக் குஷ்புவிடம் கருத்துக் கேட்டிருந்தார்கள். கல்யாணத்துக்கு முந்திய உறவு நம் சமூகத்தில் இருக்கிறது, அதைச் சமூகம் ஏற்றுக்கொள்ளப் பழக வேண்டும் என்றார். படித்த ஆண் எவனும் தனக்கு வருகிறவள் கன்னியாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது என்றார். பெண்கள் கர்ப்பம் தரிக்காமலும் பால்வினை நோய் தொற்றாமலும் தங்களைப் பாதுகாத்துக்கொள்ள வேண்டும் என்றார். அவ்வளவுதான். இந்தக் கடைசி வாக்கியத்தை நூலகத்தில் படித்தபோது எனக்குச் சித்தியின் பாய்தான் ஞாபகம் வந்தது. எங்கள் வாசலில் இருந்து வௌக்கமாறு கிளம்பிப் போனது, எங்கள் வீட்டுக்குள் இருந்த நோவைப் பற்றிப் பேசிய ஒரு பெண்ணை அடிப்பதற்கு!

அப்புறம் நடந்தது தமிழ்நாட்டுக்கே தெரியும். கழுதை ஊர்வலம், கொடும்பாவி, செருப்பு, விளக்குமாறு. குஷ்பு மன்னிப்புக் கேட்டும் ஓயவில்லை. மாநிலம் முழுக்க 23 கிரிமினல் புகார்கள். 2005 நவம்பரில் மேட்டூர் நீதிமன்றப் படி ஏறினார். அவருக்கு ஆதரவாகப் பேசிய சுஹாசினியையும் விடவில்லை. 'சின்னத்தம்பி' வந்தபோது இட்லிக்கு அவர் பெயர் வைத்ததும் திருச்சியில் கோயில் கட்டியதும் இதே தமிழ் ஆண்கள்தான். கோயில் கட்டிய கைக்கும் வௌக்கமாறு பிடித்த கைக்கும் நடுவில் ஒரே ஒரு வித்தியாசம். முன்னது குஷ்பு வாயைத் திறக்காதபோது, பின்னது திறந்தபோது.

அந்தப் போராட்டங்களில் முன்னே நின்றவை இரண்டு கட்சிகள்: பாட்டாளி மக்கள் கட்சி, விடுதலைச் சிறுத்தைகள். இந்த இரண்டாவது பெயரை எழுதும்போது என் கை கொஞ்சம் தயங்கத்தான் செய்கிறது. எங்கள் காலனி முனையில் அந்தக் கொடிக்கம்பம் நடப்பட்ட பிறகுதான் எங்கள் ஆண்கள் ஊர்த்தெருவில் தோளில் துண்டோடு நடந்தார்கள். அந்த நன்றி எனக்கு உண்டு. அதனாலேயே இதை எழுதியாக வேண்டும். வெளியில் இருப்பவர்கள் எழுதினால் அது சிறுத்தைகளைத் திட்டுகிற சாக்காகிவிடும்.

ஏன் சேர்ந்தார்கள்? வடமாவட்டத்துக்காரர்களுக்கு இது புரியும். 1987 செப்டம்பரில் வன்னியர் சங்கச் சாலை மறியலில் எங்கள் பக்கத்துச் சேரிகள் எரிந்தன. அந்தச் சாம்பல் பல வருஷம் ஆறவில்லை. 2000க்குப் பிறகு இரண்டு தரப்புத் தலைவர்களும் தமிழ்ப் பாதுகாப்பு இயக்கம் என்ற பெயரில் ஒரே மேடையில் உட்கார்ந்தார்கள். சினிமாவுக்குத் தமிழில் பெயர் வைக்கச் சொல்லிப் போராடினார்கள். ஊரும் சேரியும் அடித்துக்கொள்ளாமல் இருந்தால் நல்லதுதானே என்று எங்கள் ஆயா மாதிரி கிழங்கட்டைகள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் அப்படிச் சேர்ந்து உட்கார ஒரு திண்ணை வேண்டியிருந்தது. நிலத்தைப் பற்றிப் பேசினால் திண்ணை உடையும். கூலியைப் பற்றி, கோயிலைப் பற்றி, டீக்கடை டம்ளரைப் பற்றிப் பேசினால் உடையும். பொம்பளையின் கற்பைப் பற்றிப் பேசினால் மட்டும் உடையாது. அதனால் அந்தத் திண்ணையில் உட்கார்ந்தார்கள்.

யாருடைய கற்பு? சேரிப் பெண்ணுக்குக் கற்பு என்று ஒன்று உண்டு என எந்தப் பண்ணையார் எந்தக் காலத்தில் ஒப்புக்கொண்டான்? நடவு வயலிலும் களத்துமேட்டிலும் அவளை என்ன பாடு படுத்தினார்கள் என்பது எங்கள் ஆயாக்களின் ஒப்பாரியில் இருக்கிறது. நமக்குக் கொடுக்கப்படாத ஒன்றைக் காப்பாற்ற நாம் வௌக்கமாறு எடுத்துக்கொண்டு வேன் ஏறினோம்.

சிரிப்புக்கு வருகிறேன். நகைச்சுவை என்பது யாருக்கும் நோகாத விஷயம் என்று பொதுப்புத்தி நினைக்கிறது. எங்கள் மண்ணில் அப்படி இருந்ததில்லை. பனமலை செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடையில், அனந்தபுரம் பக்கம். மலைமேல் ராஜசிம்மப் பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில். அதில் ஆயிரத்து முந்நூறு வருஷத்துப் பார்வதி ஓவியம் ஒன்று பாதி அழிந்து மீதி இருக்கிறது. பார்க்க எங்கெங்கிருந்தோ வருவார்கள். எங்களுக்குக் கோயிலைவிடப் பெரியது கூத்து. செஞ்சிப் பக்கம் திரௌபதியம்மன் விழாவும் பாரதக்கூத்தும் மண்ணோடு ஒட்டியவை. கூத்தில் கட்டியங்காரன் வருவான். ராஜா வருகிறார் பராக் சொல்ல வந்தவன், ராஜாவையே நக்கல் அடிப்பான். தர்மரைக் கிண்டல் பண்ணுவான். முன்வரிசையில் துண்டு விரித்து உட்கார்ந்திருக்கும் நாட்டாமையையும் பேச்சோடு பேச்சாக ஒரு இடி இடிப்பான். எட்டி நின்று பார்க்கிற நாங்கள் அப்போதுதான் வாய்விட்டுச் சிரிப்போம்.

அதே கூத்தில்தான் 'கர்ண மோட்சம்' நடக்கும். குந்தி போர்க்களத்துக்கு ஓடிவந்து, கல்யாணத்துக்கு முன்னால் பெற்று ஆற்றில் விட்ட பிள்ளையின் தலையை மடியில் வைத்து அழுவாள். ஊரும் அழும், சேரியும் அழும். கட்டியங்காரன் அந்த நேரத்தில் ஒதுங்கி நிற்பான். நான் பார்த்த எந்தக் கூத்திலும் குந்தியின் வயிற்றைச் சொல்லி அவன் ஜோக் அடித்ததில்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. (கூத்தில் பெண்ணைக் கேவலப்படுத்தும் பேச்சே கிடையாது என்று நான் சொல்லவரவில்லை. நிறைய உண்டு. இந்த ஓர் இடத்தைச் சொல்கிறேன்.)

கட்டியங்காரன் ஒதுங்கி நின்ற அந்த இடத்தில் அரசாங்கம் வந்து நின்றது. 1951 சென்சஸ் கமிஷனர் ஆர்.ஏ. கோபாலஸ்வாமி நாலாவது, அதற்கு மேற்பட்ட பிரசவங்களுக்கு ஒரு பெயர் வைத்தார். முன்யோசனை இல்லாத தாய்மை என்று அதைத் தமிழில் சொல்லலாம். அவர் சென்னை அரசின் தலைமைச் செயலாளர் ஆனார். 1956இல் கருத்தடை ஆபரேஷன் செய்துகொள்ளும் ஏழைகளுக்குப் பணம் கொடுக்கும் திட்டத்தை நாட்டிலேயே முதலில் தொடங்கியது சென்னை மாநிலம். முப்பது ரூபாய். அடுத்த சில வருஷத்தில் ஆள் பிடித்து வருபவர்களுக்கும் காசு. யாருடைய தாய்மை முன்யோசனை இல்லாதது என்று கேட்டால் பதில் அந்த முப்பது ரூபாயிலேயே இருக்கிறது. முப்பது ரூபாய்க்காக எந்த மிராசுதார் வந்து வரிசையில் நிற்பான்?

இதற்கு இருபது வருஷம் முன்னாலேயே இந்த மாநிலத்தில் இன்னொரு குரல் இருந்தது. பெரியார் 'குடி அரசு'வில் கர்ப்பத்தடை பற்றி எழுதினார். நாட்டில் ஜனத்தொகை பெருத்துப் போச்சு, பஞ்சம் வந்துவிடும், பெண்ணின் உடம்பு கெட்டுப்போகும் என்று மற்றவர்கள் காரணம் சொன்னபோது, தம் காரணம் அதுவல்ல, பெண் விடுதலைதான் காரணம் என்று எழுதினார். பெண்கள் விடுதலை அடையப் பிள்ளை பெறுவதையே நிறுத்தினாலும் சரி என்கிற அளவுக்குப் போனார். பகுத்தறிவு பேசிய ஆட்சிகள் பின்னால் வந்து சுவரெல்லாம் சிவப்பு முக்கோணம் வரைந்தபோது, திட்டத்தை எடுத்துக்கொண்டார்கள், காரணத்தை விட்டுவிட்டார்கள். நாம் இருவர் நமக்கு இருவர். அதில் பெண் தனியாக எங்கே இருக்கிறாள்?

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிய தேதியைப் பாருங்கள். 1975 ஆகஸ்ட் 15. எமர்ஜென்சி அறிவித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1976-77 ஒரே வருஷத்தில் நாடு முழுக்க 82 லட்சத்துக்கு மேல் கருத்தடை ஆபரேஷன்கள். அதில் 60 லட்சத்துக்கு மேல் ஆண்களுக்கு. ஆண்கள் உடம்பில் கத்தி பட்டவுடன் நாடு கொதித்தது, ஆட்சி போனது. அதற்குப் பிறகு எல்லா அரசாங்கமும் கத்தியைப் பெண்கள் பக்கம் திருப்பிக்கொண்டது. எவனும் கொதிக்கவில்லை. தமிழ்நாட்டில் டிவியும் கட்டாயக் கருத்தடைக் காலமும் ஒரே தொட்டிலில் கிடந்த பிள்ளைகள். நம் டிவி சிரிப்பு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதா?

அந்தக் கால டிவி சிரிப்பு என்பது செவ்வாய்க்கிழமை நாடகம். சபா நாடகங்களின் மிச்சம். மயிலாப்பூர் வீட்டுக் கூடம், சோபா, டெலிபோன், ஈஸிசேர் மாமா. நாம் அதில் இல்லை என்று சொல்ல முடியாது. வேலைக்காரியாக இருந்தோம். இழுத்துச் சொருகின சேலை, வெற்றிலை வாய், 'இன்னாம்மா' என்கிற பாஷை. அவளுக்கு ஏழெட்டுப் பிள்ளைகள், குடிகாரப் புருஷன். எஜமானியம்மா 'ஏண்டி, நிறுத்தக் கூடாதா?' என்று கேட்பாள். அவள் ஏதோ சொல்வாள். சிரிப்பொலி. எனக்குத் தெரிந்து கே. பாலசந்தரின் 'அரங்கேற்றம்' (1973) ஒன்றுதான் நிறுத்தத் தெரியாமல் பெற்ற குடும்பத்தை அக்கிரகாரத்துக்குள் காட்டியது. அது சினிமா, அதுவும் அழுகைப் படம். அதற்கே எதிர்ப்பு வந்தது. சிரிப்பு என்று வரும்போது நிறைய பெறுகிறவள் சேரிக்காரி என்பது சட்டம் மாதிரி நின்றுவிட்டது. கோபாலஸ்வாமி அறிக்கையில் எழுதியதைத்தான் இவர்கள் மேடையில் நடித்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் வீட்டுக்கு டிவி வந்தது அரசாங்கக் கலர் டிவியாக. 2006 செப்டம்பரில் தி.மு.க. ஆட்சி கொடுக்கத் தொடங்கிய பதினாலு இஞ்ச் பெட்டி. மாநிலம் முழுக்க ஒன்றரைக் கோடிக்கு மேல் வீடுகளுக்குப் போனது. அதற்கு முன்னால் 'சித்தி', 'மெட்டி ஒலி' எல்லாம் அடுத்தவர் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்ததுதான். சொந்தப் பெட்டி வந்ததும் நாங்கள் விடாமல் பார்த்தது காமெடி. விஜய் டிவியின் 'லொள்ளு சபா', 'கலக்கப் போவது யாரு', அதைத் தொடர்ந்து மற்ற சேனல்களில் வந்த போட்டிகள். 'லொள்ளு சபா' மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு. கதாநாயகர்களின் பஞ்ச் டயலாக்கை அவர்கள் கிழித்துத் தொங்கவிட்டதில் கட்டியங்காரனின் ரத்தம் ஓடியது. ஆனால் டிவி காமெடி பொதுவாகப் பெண்ணின் வயிற்றுப் பக்கம் வந்தபோது கட்டியங்காரனாக இருக்கவில்லை. நாட்டாமை ஆகிவிட்டது.

யோசித்துப் பாருங்கள். ஓர் ஆண் நைட்டி போட்டு, உள்ளே தலையணையைக் கட்டிக்கொண்டு இடுப்பில் கை வைத்து நடந்து வருவான். அரங்கம் சிரிக்கும். பெண் வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவாள், வாந்திச் சத்தம் கேட்கும். 'எத்தன மாசம்?' அரங்கம் சிரிக்கும். கல்யாணம் ஆகாதவள் என்றால் இன்னும் பலமாகச் சிரிக்கும். யார் காரணம் என்று ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள், அதற்கொரு சிரிப்பு. அதற்கு மேல் கதை போகாது. அவள் என்ன செய்யப் போகிறாள் என்ற கேள்வி வராது. கலைப்பு என்கிற சொல் வாந்திக்கும் தாலிக்கும் நடுவில் விழுந்து காணாமல் போகும். சீரியல்களில் அந்தச் சொல் உண்டு, ஆனால் வில்லியின் கையில். ஜூஸில் மருந்து கலப்பாள், படிக்கட்டில் எண்ணெய் ஊற்றுவாள். காமெடி போட்டிகள் அந்தச் சீரியலைக் கிண்டல் செய்தபோதும் எண்ணெயையும் ஜூஸையும்தான் கிண்டல் செய்தன. தனக்கு வேண்டாம் என்று தானே முடிவெடுத்த பெண்ணை அழுகையிலும் காட்டவில்லை, சிரிப்பிலும் காட்டவில்லை. தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு இருக்கிற பெண் டிவியில் மட்டும் இல்லை.

சிரிப்பில் இதைப் பேச முடியாது, சமாச்சாரம் அப்படி என்பார்கள். பேசியிருக்கிறார்கள். நம் நாட்டில் கருக்கலைப்புச் சட்டம் 1971இல் நிறைவேறி 1972 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. அதே 1972 நவம்பரில் அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 'மோட்' என்கிற சிரிப்புத் தொடரில், 47 வயசுக் கல்யாணமான பெண் தான் கர்ப்பம் என்று அறிந்து, வீட்டில் பேசி, கலைத்துக்கொள்ள முடிவெடுக்கிறாள். எழுதியவர் சூசன் ஹாரிஸ் என்ற பெண். சில நிலையங்கள் ஒளிபரப்ப மறுத்தன. அடுத்த வருஷம் மறு ஒளிபரப்பின்போது எதிர்ப்பு இன்னும் பெரிதானது, விளம்பரக்காரர்கள் ஓடினார்கள். ஆனாலும் போட்டார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 2021 நவம்பரில், டெக்சாஸ் மாநிலம் கலைப்பை ஏறக்குறைய முழுக்கத் தடுத்திருந்த நேரம். 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியில் செசிலி ஸ்ட்ராங் என்ற நடிகை கோமாளி வேஷம் கட்டி வந்து, இருபத்து மூணு வயசில் கலைத்துக்கொண்ட ஒரு கோமாளியாகப் பேசினார். நடுநடுவே பலூன் ஊதிக்கொண்டு, பூவில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு. கோமாளி வேஷம் போட்டால்தான் இதைக் கேட்பீர்கள் என்பதுதான் அதில் இருந்த அடி. ஒரு பிரபலத்தின் செயல்பாடு என்று அதைச் சொல்வேன். தன் வேஷத்தைக் கேடயமாக்கி, வாய் திறக்க முடியாதவர்களுக்காக வாய் திறப்பது. 2022 ஜூனில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் கலைப்பு உரிமையைப் பறித்தது. கோமாளி சொன்னதை நீதிபதிகள் கேட்கவில்லை. சொன்னது சொன்னதுதான்.

அமெரிக்காவைத் தலையில் தூக்கி வைக்க இதைச் சொல்லவில்லை. அங்கே சட்டம் இல்லை, பேச்சு இருக்கிறது. இங்கே சட்டம் இருக்கிறது, பேச்சு இல்லை. பேச்சு இல்லாத இடத்தில் சட்டம் என்ன ஆகும் என்பதற்குச் சித்தி சாட்சி.

சித்தி நேராக எருக்கங்குச்சியிடம் போகவில்லை. ஒரு அரசு மருத்துவமனைக்குத்தான் முதலில் போனது. மூணு பிள்ளைகள், சித்தப்பா செங்கல் சூளையில், வீட்டில் பிள்ளைகளோடு ஒண்டியாக இது. அங்கே இரண்டு கேள்வி கேட்டார்கள். 'ஊட்டுக்காரர் கையெழுத்து எங்க?' 'கு.க. பண்ணிக்கிறியா? பண்ணிக்கிறதுன்னா கலைக்கலாம்.' சட்டப்படி பதினெட்டு வயசு நிறைந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும். புருஷன் கையெழுத்தும் வேண்டாம், ஆபரேஷனுக்குத் தலையாட்டவும் வேண்டாம். இது சித்திக்குத் தெரியாது. எங்களில் யாருக்கும் தெரியாது. டிவியில் யாராவது, சிரித்துக்கொண்டாவது சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும். 'கேட்டுக்கினு வரேன்'னு சொல்லிவிட்டு வந்த சித்தி, பக்கத்து ஊர் மருத்துவச்சியிடம் போனது. பதினோரு நாள் காய்ச்சல். கடைசியில் வாடகை ஆட்டோவில் தூக்கிப்போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிழைத்தது. நல்ல வேளை என்று சொல்லிச் சொல்லியே அதைப் பேசாமல் விட்டோம்.

அந்தச் சட்டத்திலும் 'கல்யாணமான பெண், அவள் கணவன்' என்கிற சொற்கள் ஐம்பது வருஷம் இருந்தன. கருத்தடை சாதனம் பலிக்காமல் தரித்த கருவைக் கலைக்கலாம் என்ற பிரிவு கல்யாணமானவளுக்கு மட்டும். 2021இல் திருத்திப் 'பெண், அவள் இணை' என்று மாற்றினார்கள். கல்யாணம் ஆகாதவளுக்கும் அந்த உரிமை சமம் என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29ஆம் தேதி சொன்னது. 2005இல் குஷ்பு சொன்னதன் சாரத்துக்குச் சட்டம் வந்து சேர 17 வருஷம் ஆயிற்று.

குஷ்பு மேல் இருந்த வழக்குகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2008இல் ரத்து செய்ய மறுத்தது. உச்ச நீதிமன்றம் 2010 ஏப்ரல் 28இல் எல்லாவற்றையும் தள்ளுபடி செய்தது. தீர்ப்பு எழுதிய அமர்வின் தலைவர் கே.ஜி. பாலகிருஷ்ணன். இந்தியாவின் முதல் தலித் தலைமை நீதிபதி. இதை எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை என்றால் அவர்களுக்கு அது முக்கியமில்லை. நமக்குமா முக்கியமில்லை? அதற்கு மூணு வருஷம் முன்னால், 2007இல் வந்த 'பெரியார்' படத்தில் மணியம்மையாக நடித்தது குஷ்பு. கர்ப்பத்தடையைப் பற்றிப் பெரியார் எழுதியதில் பாதிகூட இவர் பேசவில்லை. பெரியாருக்குச் சிலை, இவருக்கு வௌக்கமாறு. ஆண் சொன்னால் தத்துவம்.

2012 நவம்பர் 7. தருமபுரி நத்தம் காலனி. ஒரு வன்னியர் பெண் ஒரு தலித் பையனைக் கட்டிக்கொண்டாள் என்பதற்காக மூணு காலனிகளில் நூற்றுக்கணக்கான வீடுகளைக் கொளுத்தினார்கள். அடுத்து வந்தது நாடகக் காதல் பிரச்சாரம். ஜீன்ஸ், டீ-ஷர்ட், கூலிங்கிளாஸ் போட்டு எங்கள் பெண்களை மயக்குகிறார்கள் என்று மேடைக்கு மேடை பேசினார்கள். 2013 ஜூலையில் இளவரசன் தண்டவாளத்தில் கிடந்தான். பொம்பளையின் உடம்பு சாதியின் சொத்து, அதைக் காவல் காக்க ஆண்கள் கூட்டமாகக் கிளம்பலாம் என்பதுதான் 2005இல் அந்தத் திண்ணையில் இரண்டு தரப்பும் சேர்ந்து ஒப்புக்கொண்ட விஷயம். ஏழு வருஷத்தில் அதே விஷயம் தீப்பந்தத்தோடு நம் காலனிக்கு வந்தது. நாம் கட்டிக்கொடுத்த வௌக்கமாற்றின் முனையில் கொளுத்திக்கொண்டு வந்தார்கள் என்றுதான் எனக்குப் பட்டது. கோபப்படாமல் யோசியுங்கள் தோழர்களே.

குஷ்புவைத் தியாகி ஆக்கவும் எனக்கு இஷ்டமில்லை. 2010இல் தி.மு.க., பிறகு காங்கிரஸ், 2020இல் பா.ஜ.க. அந்த 2020 அக்டோபரிலேயே, மனுதர்மம் பெண்களை இழிவுபடுத்துகிறது என்று திருமாவளவன் பேசியதைக் கண்டித்துச் சிதம்பரம் போகக் கிளம்பி, வழியில் கைதானார். பதினைந்து வருஷத்துக்குள் பாத்திரங்கள் இடம் மாறிவிட்டன. கற்பின் பெயரால் இவரை விரட்டிய இயக்கத்தின் தலைவர் மனுவை எதிர்த்துப் பெண் பக்கம் பேசுகிறார். கற்பின் பெயரால் விரட்டப்பட்டவர் அதை எதிர்த்துக் கொடி பிடிக்கிறார். இதைவிடப் பெரிய அங்கதத்தை எந்த டிவி எழுதும்?

இருக்கிறது, இன்னும் ஒன்று. 2023 நவம்பர். நடிகை த்ரிஷாவைப் பற்றி மன்சூர் அலிகான் கேவலமாகப் பேசினார். குஷ்பு அப்போது தேசிய மகளிர் ஆணைய உறுப்பினர், கண்டித்தார். கண்டித்தது சரி. அதையொட்டி மணிப்பூர் பற்றி ட்விட்டரில் கேள்வி கேட்ட ஒருவருக்குப் பதில் சொல்லும்போது, உங்களைப் போல எனக்குச் சேரி மொழியில் பேச வராது என்று எழுதினார். நாம் கொதித்தோம். 'சேரி' என்றால் பிரெஞ்சு மொழியில் அன்பு என்று அர்த்தம் என்றார். செவ்வாய்க்கிழமை நாடகத்து வேலைக்காரிக்கு எழுதிக்கொடுக்கப்பட்ட பாஷை ஞாபகம் இருக்கிறதா? டிவி காமெடி ஐம்பது வருஷமாகச் சேரி மொழியைச் சிரிப்புக்கும் திட்டுக்கும் உரிய மொழியாகப் பழக்கிவைத்திருக்கிறது. குஷ்பு தமிழ் கற்றுக்கொண்டது இந்தச் சினிமாவிலும் டிவியிலும்தான். கற்றுக்கொடுத்ததைத் திருப்பிச் சொன்னார். அது அவருக்குச் சமாதானம் ஆகாது, அவர் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள். சேரி மொழிக்காக நாம் கொதித்த அந்த வாரம், காலனி வாட்ஸப்பில் குஷ்பு பற்றி எங்கள் பையன்கள் போட்ட மீம்கள் எல்லாமே அவர் உடம்பைப் பற்றி. 2005இன் அதே ஜோக்குகள். வௌக்கமாறு மட்டும் செல்போன் ஆகிவிட்டது.

அந்த மீம்களைச் சித்தியிடம் காட்டினேன். சித்திக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது, நூறு நாள் வேலைக்குப் போகிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தது. "இந்தப் பொம்பளதான் அன்னிக்கு நம்ம ஊட்டு வௌக்கமாத்த எடுத்துக்கினு போனாங்களே, அதா?" என்று கேட்டது. ஆமாம் என்றேன். அவர் அன்றைக்கு என்ன சொன்னார் என்று பதினெட்டு வருஷம் கழித்துச் சித்திக்குச் சொன்னேன். கருத்தரிக்காமல் பாத்துக்கச் சொன்னாங்க சித்தி, அதான் சொன்னது. சித்தி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அதயா?" என்றது.

இந்தக் கட்டுரைக்காக அண்ணனிடமும் கேட்டேன். அண்ணன் இப்போது கட்சியில் இல்லை, கொத்தனார் வேலை. பெண் செஞ்சிக்குக் காலேஜ் போய்வருகிறாள். அவளுக்குச் செல்போன் வாங்கிக் கொடுத்ததற்காகச் சொந்தக்காரர்கள் ஒரு பாட்டம் பேசி முடித்திருந்தார்கள். அந்த வேன் பயணத்தை அண்ணன் மறக்கவில்லை. எங்கே இறங்கினார்கள், எங்கே டீ குடித்தார்கள், யார் யார் வந்தார்கள், எல்லாம் சொன்னான். குஷ்பு படத்தை அடித்தபோது கூட்டம் எப்படிச் சிரித்தது என்றும் சொன்னான். சொல்லும்போது பெண் உள்ளே இருக்கிறாளா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"அந்த வௌக்கமாற என்னா பண்ண?" என்றேன்.

"தெர்ல. அங்கியே போட்டுட்டு வந்துட்டம்போல." பிறகு, "ஆயா திட்டிச்சா?" என்று கேட்டான்.

"திட்டல. புதுசு கட்டிச்சி."